அறுபதாக எண்ணிய ஐம்பது

வங்கியில் கையெழுத்துக் கேட்டால் நான் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். ஒரே ஒரு பக்கத் தாளில் நான் போட்ட ஒரு கையெழுத்து என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அவர்களுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கண்ணை அகலத் திறந்துகொண்டு, பெருமையோடு போட்டேன்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் சாலையோரம், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு அளவுக் கருவிகள் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. பாலக்காட்டுக் கோயில் தெருவில் பிறந்து, கணக்குப் படித்து, வீட்டில் யாருக்கும் விளங்காத ஒரு வேலைக்குப் போனவள் நான். "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்பவர்களிடம் என் அம்மா, "ஏதோ பெட்டிகிட்ட கேள்வி கேக்கறா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். உண்மையில் அவ்வளவுதான் வேலை. பெட்டியிடம் கேள்வி கேட்பது, அது பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது.

பெட்டிகள் இரண்டு. இரண்டும் அமெரிக்காவில் செய்த சின்னக் கம்ப்யூட்டர்கள். ஒன்று பழுப்பு நிறம், துண்டு துண்டாக வந்து நாங்களே பற்றவைத்துச் சேர்த்தது. இன்னொன்று நீலம், முழுதாக வந்தது, விலையும் அதிகம். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் இந்த இரண்டில் எது வேகமானது என்று எங்களிடம் எழுதிக் கேட்டிருந்தது.

அவர்கள் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு ரோப்வே இருந்தது. மலைமேல் தொழிற்சாலையிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கத்து அடிவாரம்வரை கம்பிவடம், அதைத் தாங்கப் பதினொரு இரும்புக் கோபுரங்கள், வடத்தில் தொங்கிப் போகும் இரும்புத் தொட்டிகள். தேயிலைப் பெட்டிகள் கீழே போகும், அரிசி மூட்டைகள் மேலே வரும். மனிதர்கள் ஏறக்கூடாது. ஒரே ஒருவர் மட்டும் வாரத்துக்கு ஒருநாள் ஏறித்தான் ஆகவேண்டும். கோபுரத்துக்குக் கோபுரம் தொட்டியை நிறுத்தி, கப்பிகளுக்கு எண்ணெய் போடுகிறவர். வடம் எப்போதாவது கப்பியிலிருந்து நழுவினால் ஒரே விநாடிக்குள் பிரேக் பிடிக்கவேண்டும். அதைத் தாண்டினால் தொட்டி கோபுரத்தில் போய் மோதும். அதுவரை அந்த பிரேக்கைக் கையால் பிடித்தது மேல் நிலையத்தில் வேலை செய்த ஒரு பெண். எண்ணெய் போடுகிறவரின் மனைவி. இனிமேல் கம்ப்யூட்டர் பிடிக்கட்டும் என்று தோட்டத்துத் துரை நினைத்தார்.

ஆகவே எங்கள் கேள்வி எளிமையானது. பதினொரு கோபுரத்தின் சுவிட்சுகளையும் வடத்தின் இழுப்பையும் ஒரு சுற்றுப் படித்து, கணக்குப் போட்டு, பிரேக் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க எந்தப் பெட்டிக்கு ஒரு விநாடிக்குள் முடியும்? ஒரு சுற்றை அளப்பது கஷ்டம் என்பதால் நூறு சுற்று ஓடவிட்டு அளந்தோம். நூறு விநாடிக்குள் முடித்தால் தேறியது. முடிக்காவிட்டால் ஒரு மனுஷனின் உயிர். இதை நான் அந்தச் சொற்களில் அப்போது நினைக்கவில்லை. பரீட்சை எழுதும் மாணவியைப்போல நூறு என்ற எண்ணை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை செய்தவர் வடகரப்பதிக்காரர். அப்பா காடு தோட்டம் வைத்திருக்கும் விவசாயி. வாரந்தவறாமல் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பார்க்கப் போகிற குடும்பம். கம்ப்யூட்டரையும் அவர் சந்தைக் கண்ணோடுதான் பார்ப்பார். முதல் நாள் நான் இரண்டு பெட்டியையும் ஒன்றிலிருந்து பத்தாயிரம்வரை வெறுமனே எண்ணச் சொல்லி நேரம் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, வெறும் வண்டிய ஓட்டிப் பாத்தா மாட்டோட தெம்பு தெரியுமுங்களா? பாரத்த ஏத்தி ஓட்டிப் பாக்கோணுமுங்க."

சொன்னது சரி என்பதால் எனக்குக் கோபம் வந்தது. ரோப்வேயின் உண்மையான கணக்கையே எழுதி ஓடவிட்டோம்.

இரண்டு பெட்டிகளிலும் அந்தக் கணக்கை இரண்டு விதமாக ஓட்டலாம். ஒன்று இன்டர்பிரெட்டர். வடகரப்பதிப் பக்கம் பஞ்சாயத்து ஆபீசுகளில் மலையாளத்தில் வந்த சர்க்கார் உத்தரவைக் குமாஸ்தா தமிழ் விவசாயிகளுக்கு வரிக்கு வரி வாசித்துச் சொல்வாரே, அது போல. ஒரே உத்தரவை நூறு பேர் வந்து கேட்டால் நூறு தடவையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். இன்னொன்று கம்பைலர். உத்தரவு முழுவதையும் ஒரே மூச்சில் தமிழாக்கி ஒட்டிவிடுவது. அதன்பிறகு குமாஸ்தா தேவையில்லை. இன்டர்பிரெட்டரில் இரண்டு பெட்டிகளும் தவழ்ந்தன, நூறு விநாடியெல்லாம் கனவு. கம்பைலரில் பழுப்புப் பெட்டி நூற்று நான்கு விநாடியில் முடித்தது. மயிரிழையில் தோற்றது. மூன்று தடவை ஓட்டியும் நூற்று நான்கே.

பழுப்புப் பெட்டியில் கடிகாரம் கிடையாது. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்சை நான் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி அளந்தேன். நீலப் பெட்டியில் கடிகார அட்டை ஒன்று உள்ளேயே இருந்தது. வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் தானே குறித்து, எத்தனை விநாடி என்று தாளில் அடித்துக் கொடுத்துவிடும். அடித்துக் கொடுத்தது. தொண்ணூறு.

நான் கைதட்டினேன். வடகரப்பதிக்காரர் தட்டவில்லை. தாளை எடுத்துப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"மாட்டோட வயச மாட்டுகிட்டயே கேட்டுட்டீங்களே. பல்லப் புடிச்சுப் பாக்க வேண்டாமுங்களா?"

"என் கட்டைவிரலைவிட அது நன்னா எண்ணும். நீங்கோ உங்க வேலையைப் பாருங்கோ" என்றேன்.

ஸ்டாப்வாட்ச் மேஜைமேல் என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. ஒன்றரை நிமிஷ வேலை. பெண் என்பதால் கம்பெனியில் எல்லோரும் என் கணக்கை இரண்டாம் தடவை சரிபார்ப்பார்கள். அந்தக் கடுப்பு எனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கு அவர் கேட்டது அதுபோலத்தான் என் காதில் விழுந்தது. அவர் கேட்டது அது இல்லை.

நீலப் பெட்டியோடு வந்த கையேட்டில் கடிகாரத்தைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அதை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் பாவம் குறையும், ஆனால் படித்தேன். அறுபது வரை எண்ணி ஒரு விநாடி என்று கொள்ளும் என்று அதில் போட்டிருந்தது. பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அறுபது என்றால் அதற்குமேல் கேள்வி எழாது. அறுபது விநாடி ஒரு நிமிஷம், அறுபது நிமிஷம் ஒரு மணி, அறுபது நாழிகை ஒரு நாள், அறுபது வருஷம் ஒரு சுற்று. காலம் என்றாலே எங்கள் வீட்டில் அறுபதுதான். எதை அறுபது எண்ணுகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மனசு தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டது.

ஒரே பக்கத்தில் அட்டவணை டைப் அடித்தேன். பழுப்பு, நீலம், இன்டர்பிரெட்டர், கம்பைலர். நீலப் பெட்டி கம்பைலரோடு, நூறு சுற்றுக்குத் தொண்ணூறு விநாடி, தேறியது. கீழே கையெழுத்து. தோட்டம் நீலப் பெட்டியை வாங்கிவிட்டது.

அதை மேலே கொண்டுபோய்ப் பொருத்த எங்கள் கம்பெனி முதலாளியும் நானும் போனோம். போடியிலிருந்து ஜீப் ஏறும்போதே மழைக்கோட்டைத் தாண்டி ஈரம் உள்ளே வந்துவிட்டது. மெட்டைத் தாண்டியதும் மூடுபனி. என் கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்குள் நீர் கோத்து முள் நின்றுபோயிற்று. எனக்கு முதலிலிருந்தே அந்த இடம் பிடிக்கவில்லை. மேல் நிலையம் என்பது மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் திறந்த ஒரு கொட்டகை. திறந்த பக்கத்தில் பெரிய சக்கரம், அதிலிருந்து வடம் நேராகப் பனிக்குள் போய் மறைந்துவிடுகிறது. முதல் கோபுரம் மட்டும் தெரியும், மற்றப் பத்தும் இருக்கிறது என்று நம்பிக்கொள்ளவேண்டியதுதான். வடம் ஓடும்போது ஒரே சுருதியில் ஓர் ஓசை வரும். ஓசை நின்றால்தான் பயப்படவேண்டும் என்றார்கள். எனக்கு ஓசை வந்தபோதும் பயமாகத்தான் இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு முதலாளி கொண்டுவந்த டிரான்சிஸ்டரில் நேரம் சொன்னதைக் கேட்டு நீலப் பெட்டியின் கடிகாரத்தைச் சரியாக ஒன்பதுக்கு வைத்தேன். எங்கள் ஊரில் அதற்கு யாரும் மணியே வைத்ததில்லை. சோதனைக்குப் போடுவோம், பூஜ்யத்திலிருந்து எண்ணும், முடிந்ததும் அணைத்துவிடுவோம். ஒரு பகல் முழுக்க அது ஓடியது அன்றுதான் முதல் தடவை.

பகல் பன்னிரண்டுக்குத் தோட்டத்துச் சைரன் ஊதியது. பெட்டியைப் பார்த்தேன். பதினொன்று இருபத்தெட்டு.

முதலாளியிடம் காட்டினேன். அவர் மலையாளி, அந்தத் தோட்டத்துக்குப் பல வருஷம் முன்பே வந்துபோனவர். சிரித்தார்.

"அது இவிடத்தே எஸ்டேட் டைம். ஆளுங்களைச் சீக்கிரம் வேலைக்கு வரவைக்க அரை மணிக்கூர் முன்னாடியே ஊதுவாங்க. நம்ம கம்ப்யூட்டர்தான் கரெக்ட்."

எனக்கு எவ்வளவு நிம்மதி! மலை முழுவதும் தவறான நேரத்தில் நடக்கிறது, என் பெட்டி ஒன்றுதான் சரி. அந்த நினைப்போடு நான் சாப்பிட்டேன். சாம்பார் சாதம்கூட ருசியாக இருந்தது.

அன்று எண்ணெய் போடுகிற நாள். சோதனை ஓட்டத்தையும் அதோடு வைத்துக்கொள்ளலாம் என்று துரை சொல்லிவிட்டார். ஒரு மணிச் சைரன் ஊதியதும் அந்த மனிதர் எண்ணெய்த் தகரத்தோடு தொட்டியில் ஏறினார். மெலிந்த ஆள், தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். தொட்டியின் விளிம்பை இரண்டு தட்டுத் தட்டினார். மோட்டார் முனகியது. தொட்டி முதல் கோபுரத்தைத் தாண்டிப் பனிக்குள் போயிற்று.

அவர் மனைவி பிரேக் கம்பியின் பக்கத்தில் நின்றாள். இன்றைக்கு அதைத் தொடவேண்டாம் என்று துரை சொல்லியிருந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"மணி என்னம்மா ஆவுது?" என்று கேட்டாள். அவர் எந்தக் கோபுரத்தில் எப்போது இருப்பார் என்று அவளுக்குக் கணக்கு உண்டு.

பெட்டியைப் பார்த்துச் சொன்னேன். "பன்னண்டு பதினேழு."

"என்னம்மா சொல்லுதீய? ஒரு மணிச் சங்கு இப்பத்தானே ஊதிச்சு?"

"சைரன்தான் அரை மணி முன்னாடி ஊதறதாமே."

"அது போன வருசமே மாத்தியாச்சுல்லா! பத்து நாளு கொழுந்து கிள்ளாம நின்னு ரேடியோ மணிக்குக் கொண்டாந்தோம். இப்ப சங்கும் ரேடியோவும் ஒண்ணுதான்."

நான் இரண்டையும் மனசில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பகலில் சைரனுக்கும் பெட்டிக்கும் முப்பத்திரண்டு நிமிஷ வித்தியாசம். இப்போது நாற்பத்து மூன்று. சைரன்தான் முன்னே ஊதுகிறது என்றால் வித்தியாசம் அப்படியே நிற்கவேண்டும், வளரக்கூடாது. வளர்கிறது என்றால் பெட்டி பின்தங்கிக்கொண்டே போகிறது. அப்போதுதான் அந்த அரைப் பக்கம் கண்முன் வந்தது. அந்தக் கடிகாரத்துக்குச் சொந்தமாக நேரம் தெரியாது. சுவரிலிருந்து வரும் கரண்டின் துடிப்பை எண்ணுகிறது, அறுபது துடித்தால் ஒரு விநாடி என்று. அமெரிக்காவில் கரண்ட் விநாடிக்கு அறுபது தடவை துடிக்கும். நம் நாட்டில் ஐம்பது. மலையில் ஐம்பதுகூட முழுசாகக் கிடையாது.

அது ஒரு விநாடி என்று சொன்னபோதெல்லாம் உண்மையில் ஒரு விநாடிக்கு மேல் ஆகியிருந்தது. தொண்ணூறு, தொண்ணூறு இல்லை; நூறையும் தாண்டியது.

"பிரேக்! பிரேக்கைப் போடுங்கோ!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. துரை திரும்புவதற்குள் அவள் இழுத்துவிட்டாள். அவள் கை எப்போது முந்தானையிலிருந்து வெளியே வந்தது என்று நான் பார்க்கவில்லை. ஓசை நின்றது. பனிக்குள்ளிருந்து கணவரின் குரல் எதையோ கேட்டது. அவள் பதிலுக்கு ஒரு கூவல் கூவினாள்.

துரையின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிப் பெட்டியோடு வைத்துக் காட்டினேன். பெட்டி ஒரு நிமிஷம் எண்ணி முடித்தபோது கைக்கடிகாரத்தில் எழுபத்து மூன்று விநாடி ஆகியிருந்தது. முதலாளியின் காது சிவந்தது. அந்தப் பெண்ணையே பிரேக்கைப் பிடிக்கச் சொல்லித் தொட்டியைத் திரும்ப இழுத்தார்கள். இறங்கிய மனிதர், "என்னவாம்?" என்று மனைவியிடம் கேட்டார். "மிசினுக்கு மணி பாக்கத் தெரியலியாம்" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெட்டியோடு ஊருக்குத் திரும்பியதும் முதலாளி வடகரப்பதிக்காரரிடம் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொன்னார். அவர் அறுபதை ஐம்பதாக்கி, மலைக் கரண்டின் ஏற்ற இறக்கம் ஒட்டாமல் இருக்கத் தனியாக ஒரு சின்ன மின்சுற்றும் வைத்தார். அவர் கைவேலை சுத்தம். அதன்பிறகு பெட்டி ரேடியோவோடு விநாடி பிசகாமல் ஓடியது. நான் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு நூறு சுற்றை மறுபடி ஓட்டினேன். நூற்றெட்டு விநாடி. எங்கள் வீட்டில் அது அர்ச்சனைக்கு உள்ள எண். தோற்றுப்போனது என்று நாங்கள் ஒதுக்கிய பழுப்புப் பெட்டியைவிட நான்கு விநாடி அதிகம்.

"பல்ல ராவி வெச்சாச்சுங்க. மாட்டுக்கு வயசு கொறையலீங்க" என்றார் அவர். கிழட்டு மாட்டின் பல்லை அரத்தால் ராவி இளசாக்கி விற்பது சந்தைத் தரகர்களின் வேலை. இந்தத் தடவை நான் கோபப்படவில்லை.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அட்டவணை தவறு. எந்தப் பெட்டியும் தேறவில்லை. கணக்கைக் கம்பைலருக்கு விடாமல் இயந்திர மொழியில் கையால் எழுதும்வரை பிரேக்கில் ஆள் நிற்கவேண்டும். கார்பன் வைத்து அடித்து, மேல் தாளில் கையெழுத்துப் போட்டேன். முதலாளி அதை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"தபாலில் வேண்டாம். நான் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்காம்" என்றார்.

நல்லது என்று சொல்லிவிட்டு நான் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேன். அவர் கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியுமா? தெரியாது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் தாளை நான்காக மடித்த விதத்தை நான் பார்த்தேன். நேரில் கொடுக்கப்போகும் தாளை யாரும் நான்காக மடிப்பதில்லை. பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன், அவ்வளவுதான். பின்னால் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் சரியாயி" என்றார். கடிகாரம் சரியானதை மட்டும் தோட்டத்துக்குச் சொல்லியிருந்தார்.

அடுத்த மழைக்காலம் முடியும் முன்பே தோட்டத்து வக்கீலிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஒரு விசாரணைக்கு நேரில் வந்து, முன்பு அனுப்பிய அறிக்கை என்னுடையதுதான் என்று உறுதி சொல்லவேண்டும். மழையில் மூன்றாவது கோபுரத்தில் வடம் நழுவியிருந்தது. தொட்டி கோபுரத்தில் இடித்து, உள்ளே இருந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. தொடக்கூடாது என்ற உத்தரவை மீறி ஒரு தொழிலாளி கை பிரேக்கை இழுத்ததே இடித்ததற்குக் காரணம் என்று குற்றச்சாட்டு. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயமும் போகும். தொழிலாளி யார் என்று கடிதத்தில் பெயரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டி நேரத்தோடு பிரேக் பிடித்திருக்கும், அவள் குறுக்கே வந்து கெடுத்தாள் என்கிறார்கள். அதற்கு அவர்களிடம் உள்ள ஆதாரம் என் தொண்ணூறு. அன்று இரண்டு இட்லிக்குமேல் எனக்கு இறங்கவில்லை. என் கார்பன் பிரதியைத் தேடி எடுத்துப் பையில் வைத்தேன். துணைக்கு வடகரப்பதிக்காரர் வந்தார். பொள்ளாச்சி, உடுமலை, தேனி, போடி என்று பஸ் மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தோட்டத்து ஆபீஸ் அறை. பழைய துரை மாற்றலாகிப் போயிருந்தார், அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்த பெரிய மனிதர் வேறு யாரும் அங்கே இல்லை. மேஜைக்குப் பின்னால் கீழேயிருந்து வந்த விசாரணை அதிகாரி. பெஞ்சில் காலில் மாவுக்கட்டோடு அந்த மனிதர். சுவரோரம் அவள் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நான் வந்துவிட்டேன், இனி பயமில்லை என்று நினைத்திருப்பாள்.

அதிகாரி என் ஒருபக்கத் தாளை நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம். ஆனா அது தப்பு. அதுக்கப்புறம் நான் இன்னொண்ணு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா." ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

நான் நிறுத்தவில்லை. கார்பன் பிரதியை அவர்முன் வைத்தேன். நூற்றெட்டைச் சொன்னேன், ஐம்பதையும் அறுபதையும் சொன்னேன், ஒரு சுற்று முடிய ஒரு விநாடிக்குமேல் ஆகும் என்பதையும், அவள் இழுத்திராவிட்டால் கால் முறிந்ததோடு போயிருக்காது என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகவே கேட்டார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கையெழுத்தே இல்லையேம்மா."

கையெழுத்து முதலாளி மடித்த தாளில் இருந்தது. கார்பனில் யார் போடுவார்கள்? இப்போது போடுகிறேன் என்றேன். தாராளமாகப் போடுங்கள், இன்றைய தேதியையும் சேர்த்துப் போடுங்கள் என்றார். போட்டேன். விபத்து நடந்து ஐந்து வாரம் கழிந்த தேதி. அந்தத் தாளை அவர் ஓரமாக வைத்தார்.

"மிஷின் நேரம் தப்பாக் காட்டுதுன்னீங்க. இப்பவும் அப்படித்தானா?"

அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு மணிச் சைரன் ஊதியது. நீலப் பெட்டியைப் பக்கத்து அறையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், கதவு திறந்திருந்தது. அதன் கண்ணாடியில் பன்னிரண்டு. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் பன்னிரண்டு.

"இல்லே. இப்போ நேரம் சரியாக் காட்டறது. ஆனா கணக்கு முடிக்க ஆகற நேரம் வேற, அது..."

"நேரம் சரி" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பேனாவை மூடினார்.

நீலப் பெட்டியை இங்கேயே ஓட்டி அளந்து காட்டுகிறேன், ஸ்டாப்வாட்ச் கொண்டுவந்திருக்கிறேன் என்று கெஞ்சினேன். சாப்பாட்டு நேரம் என்றார். அதற்குப் பிறகு அவர் கீழே போகவேண்டுமாம். வடகரப்பதிக்காரர் வாசலில் நின்று, "ரெண்டே நிமிசமுங்க, ரெண்டே நிமிசம்" என்று அவர் பின்னாலேயே ஜீப்வரை போனார். என்றைக்கும் குரல் உயர்த்தாத மனுஷர், அன்று கத்தினார். ஜீப் போய்விட்டது.

தீர்ப்பு வர ஒரு மாதம் ஆனது என்று கேள்விப்பட்டேன். ஆனால் அது என்ன என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். அவள் வேலை போய், புருஷனும் அவளும் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போடிப் பக்கம் இறங்கிப் போனார்கள்.

விசாரணை முடிந்த அன்று பஸ்ஸுக்காக நாங்கள் சாலையோரம் நின்றபோது அவள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு அழுகை வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரேக் பிடித்துக் காய்த்துப்போன கை.

"விடுங்கம்மா. அந்த ஆபீசரு கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே" என்றாள்.